ஊசி போடலாமா, வேண்டாமா?

சாந்திபுரம் ஆந்திராவில் இருக்கிறது. சித்தூர் மாவட்டம். குப்பத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் போனால் தமிழ்நாடு. இன்னொரு பக்கம் போனால் கர்நாடகம். இங்கே தெலுங்கு பேசுவார்கள். தமிழ் பேசுவார்கள். கன்னடமும் பேசுவார்கள். பெண் எடுப்பது ஒரு மாநிலம். பெண் கொடுப்பது இன்னொரு மாநிலம். ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

மனிதர்கள் போய் வருகிறார்கள். நோயும் அவர்களோடு போய் வருகிறது. நோய்க்கு எல்லைக் கல் தெரியாது.

பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவதா, வேண்டாமா? பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. முடிவு எடுக்க வேண்டியது பெற்றோர்தான். தெரிந்து முடிவு எடுப்பது நல்லது. வாருங்கள், தெரிந்து கொள்வோம்.

பெரியம்மை எங்கே போயிற்று?

உங்கள் ஊரில் வயதானவர்களின் கையைப் பாருங்கள். வட்டமாக ஒரு பெரிய தழும்பு இருக்கும். அது பெரியம்மைக்குக் குத்திய தடுப்பூசி. இன்று பிறக்கும் பிள்ளைக்கு அந்த ஊசி போடுவதில்லை. ஏன்? அந்த நோயே இல்லை.

1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற மருத்துவர் இந்தத் தடுப்பு முறையைச் சோதித்துக் காட்டினார். 1802-ல் அது இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் 3 வயதுப் பெண் குழந்தைக்கு முதலில் போட்டார்கள். அன்றும் மக்கள் பயந்தார்கள். ஆனாலும் ஊர் ஊராகப் போட்டார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை பரவவில்லை. 1980-ல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள்.

இளம்பிள்ளை வாதமும் அப்படித்தான். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இந்தியாவில் வந்ததில் அதுவே கடைசி. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று நமக்குச் சான்று கிடைத்தது.

இந்த நோய்கள் தானாகப் போகவில்லை. நம் தாத்தா பாட்டியும், அப்பா அம்மாவும் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு வந்தார்கள். அதனால் போயின.

தட்டம்மை சாதாரண நோயா?

குப்பத்தில் கங்கம்மா ஜாத்திரை நடக்கும். திருப்பதியிலும் நடக்கும். அம்மை கண்டால் வேப்பிலை வைப்போம். அம்மனைக் கும்பிடுவோம். அது நம் மனதுக்குத் தைரியம். தடுப்பூசி பிள்ளையின் உடம்புக்குக் காவல். கும்பிடுகிற கைக்கு ஊசி பகை இல்லை.

தட்டம்மை ஒரு கிருமியால் வருகிறது. இருமல், தும்மல் வழியாகப் பரவும். நோயாளி இருந்த அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி இருக்கும். தடுப்பு சக்தி இல்லாத இடத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக் கூடும்.

முதலில் காய்ச்சல். மூக்கில் நீர் ஒழுகும். கண் சிவக்கும். பிறகு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. பல பிள்ளைகள் பிழைத்து விடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு நிமோனியா வரும். பேதி வரும். மூளைக் காய்ச்சல் வரும். சத்துக் குறைந்த பிள்ளைக்குக் கண் பார்வை போகலாம். உயிரும் போகலாம்.

ரூபெல்லா என்பது இன்னொரு நோய். குழந்தைக்கு வந்தால் லேசாகப் போய்விடும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால்தான் ஆபத்து. பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை இருக்கும். காது கேட்காது. இருதயத்தில் கோளாறு இருக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரையோடு பிறந்த குழந்தைகளைச் சோதித்தார்கள். அவர்களில் சிலருக்கு ரூபெல்லாவே காரணம் என்று தெரிந்தது.

இந்த இரண்டு நோய்களையும் ஒரே ஊசி தடுக்கிறது. அதன் பெயர் எம்.ஆர். ஊசி.

ஒரு வீட்டில் நடந்த பேச்சு

(அங்கன்வாடிக்குப் பக்கத்து வீடு. பிள்ளைக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. நர்சம்மா வந்திருக்கிறார்.)

பாட்டி: என் பிள்ளைங்க அஞ்சு பேரு. ஒருத்தனுக்கும் ஊசி போடல. நல்லாத்தானே இருக்காங்க?

நர்சம்மா: பெரியம்மா, நீங்க பெத்தது எத்தனை?

பாட்டி: (சற்று நேரம் பேசவில்லை) ஏழு. ரெண்டு தங்கல. ஒண்ணுக்கு அம்மை போட்டுது. அப்புறம் இருமி இருமியே போயிடுச்சு.

நர்சம்மா: அந்தப் பிள்ளைக்கு அன்னைக்கு ஊசி கிடைக்கல. இந்தப் பிள்ளைக்குக் கிடைக்குது.

தாய்: எனக்குப் பயமா இருக்கு நர்சம்மா. ஊசி போட்டா பின்னால குழந்தை பிறக்காதுன்னு செல்போன்ல வந்துச்சு.

நர்சம்மா: சொன்னவங்க பேரு அதுல இருந்துச்சா?

தாய்: இல்ல. யாரோ பேசினாங்க.

நர்சம்மா: தட்டம்மை ஊசி 1963-லயே வந்துடுச்சு. அப்ப போட்டுக்கிட்ட பிள்ளைங்க இப்ப தாத்தா பாட்டி. பேரன் பேத்தி எடுத்துட்டாங்க. இதைவிட என்ன சாட்சி வேணும்?

தந்தை: ஊசி போட்டா காய்ச்சல் வருது. இவ வேலைக்குப் போக முடியாது. கூலி போகுது.

நர்சம்மா: நியாயமான பேச்சுங்க. இந்த ஊசிக்குச் சில பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல் வரும். ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். தட்டம்மையே வந்துட்டா எத்தனை நாள் கூலி போகும்? ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்க.

பாட்டி: ஊசி போட்டுப் பிள்ளைங்க செத்துப் போச்சுன்னு கேள்விப்பட்டேனே அம்மா?

நர்சம்மா: நடந்ததுதான் பெரியம்மா. மறைக்க மாட்டேன். 2008 ஏப்ரல்ல, தமிழ்நாட்டுல திருவள்ளூர் மாவட்டத்துல, தட்டம்மை ஊசி போட்ட பிறகு நாலு குழந்தைங்க இறந்தாங்க. அதுக்கு அப்புறம் அங்க கிராமத்துல போடுறதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டாங்க. அதனாலதான் சொல்றேன். மருந்தை எப்படி வச்சிருக்கீங்க, எப்ப கலக்கினீங்கன்னு என்னைக் கேளுங்க. கேக்கிறது உங்க உரிமை. பதில் சொல்றது என் வேலை.

தாய்: அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?

பாட்டி: நானும் கூட வரேன். பிள்ளைய என் மடியில வச்சுக்கிறேன். கேக்க வேண்டியதை நானே கேக்கிறேன்.

2017-ல் நடந்தது

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எம்.ஆர். ஊசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

அப்போது வாட்ஸ்அப்பில் பலவிதமான பேச்சுகள் பரவின. இது வெளிநாட்டுச் சதி என்றார்கள். பிள்ளைக்குக் கெடுதல் என்றார்கள். பல பெற்றோர் பயந்தார்கள். ஊசி நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பிப்ரவரி மாதத்துக்குள் முடியவில்லை. மார்ச் மாதத்திலும் முகாம் நடந்தது. உண்மையில் அந்த மருந்து தயாரானது நம் நாட்டில்தான், புனே நகரத்தில்.

ஆந்திராவில் அதே ஆண்டு ஆகஸ்டில் போட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்தை பிள்ளைக்குப் பிப்ரவரியில். இந்தப் பக்கம் மாமன் பிள்ளைக்கு ஆகஸ்டில். ஊசி ஒன்றுதான்.

வதந்தி நம் நாட்டில் மட்டும் இல்லை. 1998-ல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் கட்டுரை எழுதினார். 12 பிள்ளைகளை மட்டும் பார்த்தார். தட்டம்மை சேர்ந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். அது தவறு என்று தெரிந்தது. 2010-ல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. டென்மார்க் நாட்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்தார்கள். ஊசியால் ஆட்டிசம் வரவில்லை என்று 2019-ல் எழுதினார்கள். ஆனால் அதற்குள் பல ஊர்களில் தட்டம்மை திரும்பி வந்துவிட்டது.

ஊரே போட்டால்தான் வேலி

தோட்டத்துக்கு வேலி போடுகிறோம். ஓர் இடத்தில் திறந்து கிடந்தால் ஆடு உள்ளே வரும். தடுப்பூசியும் அப்படித்தான். தட்டம்மையைத் தடுக்க 100-க்கு 95 பேருக்காவது தடுப்பு சக்தி வேண்டும். 9 மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்த ஊசி வழக்கமாகப் போடுவதில்லை. அந்தப் பச்சைக் குழந்தையைக் காப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்ட ஊசி.

எந்த வயதில் எது?

பிறந்தவுடன்: பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி.

6, 10, 14 வாரங்களில்: பென்டா ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு. பென்டா ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும். ரோட்டா சொட்டு பேதியைத் தடுக்கும். ரோட்டா மருந்தைச் சோதித்த இடங்களில் நம் பக்கத்து வேலூரும் ஒன்று. 2016-ல் அதை முதலில் கொடுத்த 4 மாநிலங்களில் ஆந்திராவும் ஒன்று.

6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும்: போலியோ ஊசி, நிமோனியா தடுப்பூசி.

9 மாதம் முடிந்ததும்: எம்.ஆர். முதல் ஊசி.

16 முதல் 24 மாதத்துக்குள்: எம்.ஆர். இரண்டாம் ஊசி, முத்தடுப்பு ஊசி, போலியோ சொட்டு.

5 முதல் 6 வயதுக்குள்: முத்தடுப்பு ஊசி.

10 வயதிலும் 16 வயதிலும்: டி.டி. ஊசி.

இவை அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். நாள் தவறிவிட்டதா? விட்டுவிடாதீர்கள். நர்சம்மாவிடம் போய்க் கேளுங்கள்.

ஊசி போடும் நாளில் பாருங்கள்

1. மருந்து ஐஸ் வைத்த பெட்டியில் இருக்கிறதா?

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி பிரிக்கிறார்களா?

3. எம்.ஆர். மருந்தை எப்போது கலக்கினார்கள்? கலக்கி 4 மணி நேரம் ஆகிவிட்டால் அதைப் போடக் கூடாது.

4. பிள்ளைக்கு முன்பு ஊசி போட்டபோது மூச்சுத் திணறலோ வலிப்போ வந்ததா? முதலிலேயே சொல்லுங்கள்.

5. லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம்.

6. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

7. போட்ட இடத்தில் எதையும் தடவ வேண்டாம். காய்ச்சல் அதிகமானால், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டால், உடனே மருத்துவரிடம் போங்கள்.

8. தாய் சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வேலைக்கு வெளியூர் போனால் அட்டையையும் எடுத்துப் போங்கள். அந்த ஊரிலும் ஊசி போடுவார்கள்.

பேசுவோம்

1. பாட்டி ஏன் முதலில் ஊசி வேண்டாம் என்றார்? பிறகு ஏன் சம்மதித்தார்?

2. கூலி போகும் என்று தந்தை சொன்னது சரியா? உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?

3. செல்போனில் ஒரு செய்தி வந்தால் உண்மையா என்று எப்படித் தெரிந்து கொள்வது?

நிரப்புக

1. எம்.ஆர். ஊசி ………, ……… ஆகிய இரண்டு நோய்களைத் தடுக்கும்.

2. எம்.ஆர். முதல் ஊசி ……… மாதம் முடிந்ததும் போட வேண்டும்.

3. ஊசி போட்ட பிறகு ……… நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

செய்வோம்

உங்கள் பிள்ளையின் அட்டையை எடுங்கள். நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது? அடுத்த ஊசி நாள் எது? அதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுத் தாய்க்கும் அட்டையைப் படித்துச் சொல்லுங்கள்.