தேரி மண்ணில் போட்டதெல்லாம் எங்கே போகிறது?

நெல்லை மாவட்டத்தில், செம்மணல் தேரிகள் கிடக்கும் திசையன்விளைப் பக்கம் விவசாயிகளிடம் மண்ணைப் பற்றிக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "இது வெறும் தேரி மணல், போட்டதெல்லாம் கீழே போயிரும்." அனுபவத்தில் வந்த பேச்சு, பாதி சரி. மீதிப் பாதியால் உரக் காசும் வீணாகிறது, கிணற்றுத் தண்ணீரும் கெடுகிறது. சத்து மண்ணில் நிற்பதா ஓடுவதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை துகள்களின் மேற்பரப்பும் அவற்றுக்கு நடுவே உள்ள துளைகளும்தான்.

நம்பிக்கை: மணலில்தான் இடைவெளி அதிகம். களிமண் அடைத்துக் கிடக்கும்.

உண்மை: மணலில் தண்ணீர் சட்டென்று இறங்குவதைப் பார்த்து வந்த எண்ணம் இது. மணற்பாங்கான மண்ணின் கன அளவில் துளைகள் பொதுவாக 35 முதல் 45 சதவீதம். களிமண்ணில் 45 முதல் 60 சதவீதம். மணலின் துளைகள் பெரியவை. மழை விட்டதும் அவை வடிந்து, காற்று உள்ளே புகுந்துவிடும். களிமண்ணின் துளைகள் கண்ணுக்கே தெரியாதவை. பிடித்த தண்ணீரை லேசில் விடாது. தண்ணீர் நிறைந்த துளையில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அதனால்தான் தாமிரபரணிப் பாசன வயலில் தண்ணீர் கட்டிய சில நாளிலேயே சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. நுண்ணுயிரிகள் அடுத்ததாக நைட்ரேட்டை எடுத்துக்கொள்கின்றன. அதிலிருந்த தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும். பிறகு இரும்பின் முறை. இரும்பு கரையும்போது அதோடு ஒட்டிக் கிடந்த மணிச்சத்தும் விடுபட்டு நெல்லின் வேருக்குக் கிடைக்கிறது. அதே இரும்பு தேரியில் நேர்மாறான வேலையைச் செய்கிறது.

நம்பிக்கை: தேரியில் ஒன்றுமே நிற்காது.

உண்மை: ஒரு சிட்டிகை தேரி மணலை ஈரக் கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், விரல் ரேகையில் செம்புழுதி ஏறும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியின் குழிகளிலும் சிவப்பு தேங்கியிருப்பது தெரியும். உள்ளே இருப்பது குவார்ட்ஸ். மேலே படிந்திருக்கும் சிவப்பு, ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. மணிச்சத்தை இறுகப் பிடிப்பதில் இரும்பு ஆக்சைடுக்கு இணையானவை மண்ணில் மிகக் குறைவு. ஆகவே டிஏபியிலுள்ள மணிச்சத்தின் ஒரு பகுதி போட்ட இடத்தின் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. கீழே போவதைவிட வேருக்கு எட்டாமல் போவதே பெரிய இழப்பு. சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோடு கலந்து ஊட்டமேற்றி, வேர்ப்பகுதியில் இடச் சொல்வது இதனால்தான். எருவிலிருந்து வரும் கரிம அமிலங்கள் இரும்பின் மேல் அதே இடங்களைப் பிடித்துக்கொள்ளும். மணிச்சத்து கொஞ்சம் தப்பிக்கும்.

மற்றச் சத்துகளுக்குத் தேரியில் பிடிமானம் குறைவு என்பது மெய்தான். ஒரு கிராம் பருமணலின் மொத்த மேற்பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கோவில்பட்டிக் கரிசலில் உள்ள களிமண் கனிமத்தில் ஒரு கிராமை இதழ் இதழாகப் பிரித்து விரித்தால் 600 சதுர மீட்டரைத் தாண்டும், அதாவது கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம். அந்தப் பரப்பு எதிர்மின் ஏற்றம் கொண்டது. பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைக்கும். கோடையில் குளத்துக் களிவண்டலான கரம்பையை அள்ளி வந்து விளையில் கொட்டிய நம் முன்னோர்கள் கொட்டியது இந்தப் பரப்பைத்தான். முருங்கைக் குழிக்கு இன்றைக்கும் அதைவிட மலிவான முதலீடு எனக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை: மணல் வழியாக இறங்கும் தண்ணீர் வடிகட்டிச் சுத்தமாகிவிடும்.

உண்மை: இதற்கு 1850-இலேயே இங்கிலாந்தில் விடை கிடைத்துவிட்டது. எச். எஸ். தாம்சன் என்ற விவசாயியும் ஜே. டி. வே என்ற வேதியியலாளரும் மண் நிரப்பிய குழாய்களில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றிப் பார்த்தார்கள். அடியில் வந்தது கால்சியம் சல்பேட். அம்மோனியத்தை மண் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விட்டுக்கொடுத்திருந்தது; சல்பேட் அப்படியே வெளியேறிவிட்டது. நைட்ரேட்டும் அந்த ரகம்தான். எதிர்மின் ஏற்றமுள்ள பரப்பு அதைத் தொடுவதில்லை. யூரியாவுக்கோ மின்னேற்றமே கிடையாது. அம்மோனியமாக மாறும்வரை தண்ணீர் போகும் வழியில் அதுவும் போகும். ஒரே தடவையில் மூட்டை மூட்டையாகக் கொட்டி, தண்ணீரையும் கட்டினால், பயிர் எடுத்தது போக மிச்சம் மண்ணில் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் சேரும். கலங்கலை மணல் தடுக்கும், நைட்ரேட்டைத் தடுக்காது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கிணற்றுக்குப் போகாமலிருக்க உரத்தைப் பிரித்துப் பிரித்து இடுங்கள்.

நம்பிக்கை: ஆயன்குளம் கிணறு நிறையாதது அதிசயம்.

உண்மை: 2021 வடகிழக்குப் பருவமழையில் திசையன்விளை அருகே ஆயன்குளத்துக் கிணற்றுக்குள் வெள்ளம் நாள்கணக்கில் பாய்ந்தும் அது நிரம்பவில்லை. கடலுக்குச் சுரங்கம் இருக்கிறது என்றார்கள் சிலர். சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்தது. அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் கரைந்து உருவான குகைகள். சுண்ணாம்புப் பாறை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல, தாழையூத்து சிமென்ட் ஆலை 1949-இல் அதை நம்பித்தான் வந்தது. பாறையைக் கரைத்த அமிலம் பிறப்பது பெரும்பாலும் மண்ணின் துளைகளில். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம், வேர்களும் நுண்ணுயிரிகளும் மூச்சு விடுவதால் மண்துளைக் காற்றில் அது பல மடங்கு கூடுதல். அந்த வழியாக இறங்கும் மழைநீர் மெல்லிய கார்பானிக் அமிலமாகி, யுகயுகமாகப் பாறையை அரித்திருக்கிறது.

நிலத்தடியில் நீர் சேமிக்க இப்படி ஒரு வழி அமைந்தது வரம். ஆனால் குகைக்குள் ஓடும் தண்ணீருக்கு மண்ணின் பிடிமானம் கிடைப்பதில்லை. அம்மோனியமோ கிருமியோ எதுவானாலும் தங்குதடையின்றி அடுத்த ஊர்க் கிணற்றுக்குப் போய்விடும். இந்தக் கிணறுகளுக்குள் வெள்ளத்தை விடும் முன் வண்டல் படிய ஒரு குட்டை வெட்டுங்கள். குப்பையையும் கழிவையும் அவற்றின் வாய்க்கால் பக்கமே கொண்டுபோகாதீர்கள். குடிக்கிற தண்ணீரை ஆண்டுக்கு ஒரு முறையாவது நைட்ரேட்டுக்குச் சோதித்துவிடுங்கள்.