சென்னையில் விடுமுறை: லாட்ஜா, அபார்ட்மென்ட்டா?

இரண்டு பேர், ஒரு ராத்திரி என்றால் லாட்ஜ் அறையே போதும். தாத்தா, பாட்டி, குழந்தைகளோடு நான்கைந்து நாள் தங்க அம்பத்தூர், ஆவடிப் பக்கம் சமையலறையுள்ள அபார்ட்மென்ட்தான் நல்லது. கஞ்சி வைக்க, பால் காய்ச்ச யாரையும் கேட்க வேண்டாம். பணம் கட்டுமுன் விசாரியுங்கள்: லிஃப்ட், இன்வெர்ட்டர் உண்டா? சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா? கேன் தண்ணீர் யார் செலவு? இவ்விரண்டு ஊரிலிருந்தும் சென்ட்ரலுக்கு மின்சார ரயில் இருப்பதால், ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வீடு பிடியுங்கள். பூந்தமல்லியில் மின்சார ரயில் நிலையம் கிடையாது. ஆனால் மாங்காடு, திருவேற்காடு கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பக்கம்.

லாட்ஜில் வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக்கே காலி செய்யணுமா என்று கட்டாயம் கேளுங்கள். விடியற்காலையில் வந்திறங்குவோருக்கு ஒரு நாள் வாடகையே மிச்சமாகலாம்.