கிழங்கு உறங்கட்டும்

கொடைக்கானலில் உறவினர் வீட்டு வாசலில் குரோகாஸ்மியா பூத்திருந்தது. வாள் போன்ற இலைகளுக்கு நடுவே செக்கச்செவேல் என்று ஒரே வரிசையாகப் பூ. ஆசைப்பட்டுக் கிழங்கு வாங்கிவந்து அம்பத்தூரில் நட்டேன். முளைத்தது; பூக்கவில்லை. சித்திரை வெயிலில் கருகிப்போனது. தென்னாப்பிரிக்கச் செடியான அதற்கு எங்கள் ஊர்ச் சூடு ஒத்துவரவில்லை. அதே நிறத்தை எனக்குத் தந்தது நம் மாநில மலரான செங்காந்தள்தான். கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள்.

தொட்டியில் வைப்பதே நல்லது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. தரையில் இருந்த கிழங்குகள் எல்லாம் அழுகிவிட்டன. மொட்டை மாடித் தொட்டியில் இருந்தவை பிழைத்தன. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். ஆடியில், நான்கு விரல் ஆழத்தில், கிழங்கைப் படுக்கவைத்து நடுங்கள். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கொடி ஏற முதலில் பிளாஸ்டிக் குழாய் நட்டேன், ஏறவே இல்லை. உற்றுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இந்தக் கொடிக்கு இலை நுனிதான் கை. அது சுருண்டு பிடிக்க மெல்லிய பிடி வேண்டும். சணல் கயிறு கட்டிய மறுநாளே ஓர் இலை சுற்றிக்கொண்டது. மொட்டு பச்சை, விரிந்ததும் அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, சில நாளில் பூ முழுவதும் சிவந்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. செடி முழுவதும் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கு உயிரையே பறிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சிறு குழந்தைகளோ நாயோ இருக்கும் வீட்டில் இதை வைக்கவே வேண்டாம்.

முதல் ஆண்டு தை மாதம் தண்டு காய்ந்ததும் செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்தேன். பழைய கிழங்கு சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் கலப்பை போல் வளைந்த புதுக் கிழங்கு. கொட்டிய வேகத்தில் அதன் முனை ஒடிந்துவிட்டது. முளைக்கும் கண் அந்த முனையில்தான் இருக்கிறது. அந்தக் கிழங்கு பிறகு முளைக்கவே இல்லை.

இப்போதெல்லாம் தண்டு காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவைத்துவிடுகிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வெறும் மண்தான் தெரியும். தோண்டிப் பார்ப்பதில்லை. ஆனி மழை விழுந்ததும் தொட்டியை வெளியே எடுத்துவைக்கிறேன்; ஒரு நாள் காலையில் பச்சை முனை மண்ணைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.