கோடைக்கால வானிலை அறிவிப்பைப் படிக்கும் முறை
(கடற்கரை வட்டார அங்கத்தினர்களுக்கான பாடம்)

மாசி கழிந்து பங்குனி பிறந்தால், கடலூர் முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கடற்கரை வட்டாரத்தில் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் அறுவடைக்கு வருகின்றன. எள் வயலில் நிற்கிறது. நெசவாளர் தெருக்களில் கஞ்சி போட்ட பாவு விரிக்கப்படுகிறது. சாயமிட்ட நூல் கொடியில் உலர்கிறது. இவை யாவும் வானத்தை நம்பிய காரியங்கள். ஒரு மணி நேர மழை, களத்தில் கிடக்கும் உளுந்தையும் தெருவில் விரித்த பாவையும் ஒருங்கே கெடுத்துவிடும். அந்த நஷ்டம் அங்கத்தினரின் வீட்டோடு நிற்பதில்லை. கடன் தவணை தவறும்போது சங்கமும் அதைச் சுமக்க நேரிடுகிறது. ஆகையால், வானிலை அறிவிப்பைச் சரியாகப் படித்து, அதற்கேற்ப நடந்துகொள்வது எப்படி என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அறிவிப்பு வரும் வழி

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1945 முதல் உழவர்களுக்கென்று தனி வானிலைச் செய்தி வானொலி வழியே ஒலிபரப்பாகி வந்திருக்கிறது. இன்று அதே துறை, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் வானிலை ஆலோசனையை வெளியிடுகிறது. 2019இல் தொடங்கப்பட்ட ‘மேகதூத்’ என்னும் கைப்பேசிச் செயலியிலும் அதனைக் காணலாம். சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள டாப்ளர் ரேடார்கள் திரளும் மழைமேகங்களைக் கண்டு காட்டுகின்றன. அவற்றின் துணையால், அடுத்த மூன்று மணி நேரத்திற்கான உடனடி அறிவிப்பும் கிடைக்கிறது. எனவே செய்தி கிடைக்கவில்லை என்று சொல்ல இடமில்லை. செய்தியிலுள்ள சொற்களின் பொருளை அறியாமலிருப்பதே நம்மிடையே உள்ள குறை.

சொற்களின் பொருள்

‘ஓரிரு இடங்களில் மழை’ என்று அறிவித்தார்கள். நம் ஊரில் ஒரு துளியும் விழவில்லை. ஆகவே அறிவிப்பு பொய் என்று பலர் கூறக் கேட்கிறோம். உண்மை யாதெனில், அச்சொற்களுக்கு அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பெறுமாயின் அது ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘ஒரு சில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘அநேக இடங்கள்’. அதற்கு மேற்பட்டால் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆகவே ‘ஓரிரு இடங்களில்’ என்ற அறிவிப்பு, நான்கில் மூன்று பங்கு ஊர்கள் நனையாமலிருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

மழையின் அளவுக்கும் இத்தகைய வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் இலேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை. இக்கணக்கு காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. எள் பயிரிட்டோர் ‘இலேசான மழை’ என்ற சொல்லைக் கேட்டு அசட்டையாக இருத்தல் ஆகாது. ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. எள் தேங்கிய நீரைப் பொறுக்காத பயிர். வடிகால் வெட்டப்படாத வயலில் இவ்வளவு நீரே பயிரை வாட்டப் போதுமானது.

வண்ணக் குறிகளும் உள்ளன. பச்சைக்கு முன்னேற்பாடு வேண்டுவதில்லை. மஞ்சள், கவனித்திருங்கள் என்பது. செம்மஞ்சள், ஆயத்தமாகுங்கள் என்பது. சிவப்பு, உடனே செயற்படுங்கள் என்பது.

கடற்காற்றின் போக்கு

கடற்கரை வட்டாரத்துக் கோடை, உள்நாட்டுக் கோடை போன்றதன்று. பகலில் நிலம் விரைவில் சூடாகிறது. கடல் அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. நிலத்தின்மேலுள்ள காற்று சூடேறி மேலெழ, கடலின் குளிர்ந்த காற்று கரைக்குள் புகுகிறது. இது நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கினால் வெப்பம் தணியும். வைகாசி நெருங்க நெருங்க மேல்காற்று வலுக்கிறது. அது கடற்காற்றைத் தடுத்து நிறுத்தும் நாட்களில் வெயில் கடுமையாகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003ஆம் ஆண்டு மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

காற்றில் ஈரம் மிகுதியாதலால், கரையோரத்தில் குறைந்த வெப்பமும் உடலை வாட்டும். இதனை எண்ணியே வெப்ப அலைக்கும் தனி வரம்பு வகுத்திருக்கிறார்கள். சமவெளியில் 40 டிகிரியை எட்டினால்தான் அது கருதப்படும். கடலோர நிலையங்களில் 37 டிகிரியை எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்தாலே போதும். பஞ்சாங்கம் குறிக்கும் அக்கினி நட்சத்திரம் இக்கணக்கினின்றும் வேறானது. கத்திரி முடிந்ததென்று வெயிலில் கவனம் குறைத்தல் தவறு.

கடற்காற்றும் மேல்காற்றும் சந்திக்கும் இடத்தில் ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகம் திரள்வதுண்டு. ஆகையால் கோடை மழை பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் பெய்கிறது. அது ஒரு தெருவை நனைத்து அடுத்த தெருவை விட்டுவிடும் இயல்பினது.

நெசவாளர் இதிலிருந்து இரண்டு செய்திகளைக் கொள்ளலாம். பங்குனி விடியலில் பனியும் மூடுபனியும் இருந்தால், கஞ்சி உலரத் தாமதமாகும். மேல்காற்று வறண்டு வீசும் நாளில் கஞ்சி விரைந்து உலர்ந்து நூல் முறுகி இழை அறும். பருத்தி நூல் சிறிது ஈரம் இருக்கும்போதே வலுவுடையது. ஆதலால் மழையை மட்டுமின்றி, அறிவிப்பிலுள்ள காற்றின் திசையையும் ஈரப்பதத்தையும் பார்த்துப் பாவு விரிக்கும் நேரத்தை முடிவு செய்தல் நலம்.

செலவும் நஷ்டமும்

அறிவிப்பு பலமுறை பலிக்காவிடினும் அதன்படி நடத்தல் இலாபமா? ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து முறை மழை அறிவிப்பு வந்து, இரண்டு முறை மட்டுமே நம் தெருவில் பெய்தது என்று கொள்வோம். பாவை மூடத் தார்ப்பாய்க்கும் ஆளுக்கும் முறைக்கு ரூ. 100 வீதம் செலவு ரூ. 1,000. மூடாமல் விட்டால், பாவொன்றுக்கு ரூ. 2,000 வீதம் இரண்டு முறைக்கு நஷ்டம் ரூ. 4,000. எனவே எட்டு முறை ‘பொய்த்த’ அறிவிப்பு ரூ. 3,000 மிச்சப்படுத்தித் தந்திருக்கிறது.

ஆனால் பத்து முறையும் வேலையை அடியோடு நிறுத்தி, நாளொன்றுக்கு ரூ. 600 கூலியை இழந்திருந்தால், இழப்பு ரூ. 6,000 ஆகும், அறிவிப்பைக் கேளாதவரைவிடக் கேட்டவர் அதிக நஷ்டமடைவார். இதனால் விளங்குவது யாதெனில், ‘ஓரிரு இடங்களில்’ என்னும்போது வேலையை நிறுத்த வேண்டுவதில்லை. முற்பகலில் முடித்து, தார்ப்பாயை அருகில் வைத்துக்கொண்டால் போதும். ‘அநேக இடங்களில்’ என்னும்போது பாவு விரிப்பதைத் தள்ளிவைத்தல் தகும். பெரும்பாலான காய்கள் முற்றிக் கருத்த உளுந்தையோ காத்திருக்கவிடாது பறித்து, கூரையுள்ள இடத்தில் சேர்த்தல் வேண்டும். நனைந்தால் காய்க்குள்ளேயே முளைவிடும்.

ஐந்து நாட்களுக்கு முன் சொல்லப்படுவதை இறுதி முடிவாகக் கொள்ளலாகாது. 2019 ஏப்ரல் இறுதியில் வங்கக் கடலில் உருவான ஃபனி புயல், முதலில் வட தமிழகக் கரையை நோக்கி நகரக்கூடுமென்று கருதப்பட்டது. பின்னர் வடக்கே திரும்பி, மே 3ஆம் நாள் ஒடிசாவில் பூரி அருகே கரையைக் கடந்தது. முன்னரே வந்த செய்தியைக் கொண்டு ஆயத்தம் செய்வோம். அன்றன்றைய செய்தியைக் கொண்டு செயலில் இறங்குவோம்.

உயிர்ப் பாதுகாப்பு

கோடை இடிமழையில் பயிரைவிட உயிரே பெரிது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குக. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வயலைவிட்டுக் கட்டடத்திற்குள் செல்க, தனிமரத்தடியில் ஒதுங்கற்க. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளிவருக.

சங்கம் செய்யத்தக்கவை

ஒவ்வொரு சங்கமும் அலுவலக வாயிலில் கரும்பலகை ஒன்று வைத்து, காலையும் பிற்பகலும் அறிவிப்பை எழுதலாம். பொதுவில் சில தார்ப்பாய்களை வாங்கி வாடகைக்கு விடலாம். சிறிய மழைமானி ஒன்றை நிறுவி, அறிவிப்பையும் உண்மையில் பெய்த அளவையும் ஒரே பேரேட்டில் பதியலாம். இரண்டு மூன்று கோடைகள் கழிந்தால், நம் ஊருக்கு எந்தச் சொல் எத்தனை முறை பலித்தது என்பதற்கு நம் கையிலேயே கணக்கு இருக்கும். மேலே நாம் போட்ட உதாரணக் கணக்கை அப்போது நம் சொந்த எண்களைக் கொண்டே போடலாம்.

படிப்பு வட்டத்தில் ஆராய்க

1. ‘ஒரு சில இடங்களில் மிதமான மழை’ என்ற அறிவிப்பின் பொருள் என்ன?
2. கடற்காற்று தாமதமாகும் நாளில் பாவு வேலையை எவ்வாறு மாற்றி அமைப்பீர்கள்?
3. நம் சங்கத்தில் ஒரு பாவு, ஒரு மூட்டை உளுந்து நனைந்தால் நஷ்டம் எவ்வளவு? காக்கும் செலவு எவ்வளவு?