பழைய ஆட்டமும் புதிய பேழையும்

நம் இல்லங்களிலுள்ள மடிப்புப் பல்லாங்குழி, விரித்தால் ஆடுகளம், மடித்தால் காய்ப்பேழை. மின்விளையாட்டுப் பொறிக்குப் பேழை செய்வார்க்கும் அதுவே நல்லாசிரியன் என்போம்.

ஜப்பானில் 1983இல் வெளிவந்த பேமிகாம் என்னும் பொறியின் ஆட்டங்களை, 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி நடத்தவல்லது. அதனை மரப்பேழையுள் அமைக்குங்கால் மூன்று கருதற்பாலன.

முதலாவது அளவு: திருகுதுளைகளையும் கம்பி செருகும் வாய்களையும் அளந்த பின்னரே பலகையை அறுத்தல் வேண்டும். இரண்டாவது வெப்பம்: அது மேலெழும் இயல்பினதாதலின், கீழும் மேலும் காற்றுத்துளைகள் வேண்டும். மூன்றாவது உப்பு: சிதம்பரத்தினும் கடலூர்த் துறைமுகத்தருகே கடற்காற்று உலோகத்தை விரைந்து அரிக்கும், ஆதலின் ஆடாதபோது துளைகளும் மறைய மூடிவைத்தல் நன்று.

இயங்கும் பழம்பொறியை உடைத்து அதன் கூட்டைக் கொள்ளுதலோ பழமையைக் காத்தலன்று, அழித்தலேயாம்.