தேனீயின் நஞ்சில் மருந்து உண்டா?

திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே தேனீயின் பெயரால் அமைந்திருப்பதை நாம் அறிவோம். ‘அந்நஹ்ல்’ எனும் அந்த 16-வது அத்தியாயத்தின் 68, 69-வது வசனங்கள், தேனீயின் வயிற்றிலிருந்து வெளிவரும் பானத்தில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதை அறிவிக்கின்றன. அங்கே கூறப்படுவது பானமேயன்றி, கொடுக்கின் நஞ்சன்று. மூட்டுவலிக்கு உயிருள்ள தேனீயைக் கொட்டவைக்கும் வைத்தியம் பல நாடுகளில் நடந்து வருகிறது. அதற்கு இவ்வசனத்தைச் சான்றாக்குவது பொருந்தாது. அவ்வாறாயின் நஞ்சில் நன்மையே இல்லையா? அதை ஆராய்வோம்.

நஞ்சில் என்ன இருக்கிறது?

தேனீயின் நஞ்சில் ‘பெப்டைடு’ எனப்படும் சிறு புரதத் துணுக்குகள் பல உள்ளன. அவற்றில் முதன்மையானது மெலிட்டின். இது 26 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. உலர்ந்த நஞ்சின் எடையில் ஏறக்குறையப் பாதி இதுவே. உயிரணுக்களின் மேலுறையைத் துளைப்பது இதன் வேலை. கொட்டிய இடத்தில் நாம் படும் வேதனைக்கு இதுவே பெருங்காரணம். அடுத்தது அபாமின். 18 அமினோ அமிலங்களே கொண்ட இது நரம்புகளைத் தாக்கவல்லது. நரம்புகள் இயங்கும் விதத்தை அறிய ஆய்வாளர்கள் இதைக் கருவியாகப் பயன்படுத்துகின்றனர்.

ஆய்வுகள் கூறுவதென்ன?

ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் அன்றிருந்த மாரிபோர் நகரின் மருத்துவர் பிலிப் டெர்ச், தேனீக் கொட்டுக்கும் வாத நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1888-ல் எழுதினார். அன்று தொடங்கிய ஆர்வம் இன்றும் தணியவில்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள ஹாரி பெர்கின்ஸ் ஆய்வுக் கூடத்தார், மெலிட்டின் சிலவகை மார்பகப் புற்றுநோய் அணுக்களை விரைவில் அழிப்பதாக வெளியிட்டனர். ஆனால் அச்சோதனை ஆய்வுக் கூடத்து அணுக்களிலும் எலிகளிலும் நடந்தது, மனிதரிடம் அன்று. நல்ல அணுக்களையும் துளைக்கக்கூடிய இப்பொருளை நோயுற்ற அணுவிடம் மட்டும் சேர்ப்பது எவ்வாறு என்பதே ஆய்வாளர் முன்னுள்ள பெரும் வினா.

நெதர்லாந்தில் நரம்புறை நலிவு நோயாளிகள் 26 பேருக்குத் தேனீக் கொட்டு வைத்தியம் செய்து பார்த்து, 2005-ல் முடிவை வெளியிட்டனர். நோயும் தணியவில்லை, சோர்வும் குறையவில்லை.

ஆயினும், நஞ்சு உறுதியாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. தேனீ கொட்டினால் உயிருக்கே ஆபத்து நேரும் ஒவ்வாமை உடையவர்களுக்கு, தூய்மைப்படுத்திய நஞ்சை மிகச் சிறு அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, ஊசி மூலம் செலுத்துகின்றனர். சில ஆண்டுகள் தொடரும் இச்சிகிச்சையால் உடல் அந்நஞ்சைத் தாங்கப் பழகுகிறது. அளவும் கண்காணிப்பும் இருப்பதாலேயே இது மருந்தாகிறது.

வீட்டார் கவனத்திற்கு

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கி, நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எனவே நகத்தாலோ வேறெதாலோ உடனே அகற்றிவிட வேண்டும்; தாமதமே கேடு. பிறகு சோப்பிட்டுக் கழுவிக் குளிர்ந்த நீர்த்துணியை வைக்கலாம். மூச்சுத் திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவை தோன்றினால் கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அட்ரினலின் ஊசியே அங்கு உயிர்காக்கும் மருந்து. முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. ஸ்பெயினில் பலமுறை இவ்வைத்தியம் செய்துகொண்ட பெண்ணொருவர், பிறிதொரு கொட்டினால் இறந்ததை மருத்துவர்கள் 2018-ல் பதிவு செய்துள்ளனர்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நம்மைத் தூண்டியுள்ளார்கள். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்றும் எச்சரித்துள்ளார்கள். இவ்விரண்டையும் சேர்த்தே நாம் கடைப்பிடிக்க வேண்டும். தேனை உண்போம், நஞ்சை அறிந்தவர் கையில் விடுவோம். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் ஆரோக்கியத்தை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.