சாவியும் சாபியும்

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இராது. நமக்குச் சாவி, எதிர்வீட்டு வங்காளிகளுக்குச் சாபி. நமக்கு ஜன்னல், அவர்களுக்கு ஜானாலா. துவாலையோ அங்கே தோயாலே. யாரிடமிருந்து யார் வாங்கினார்கள்? நம்மிடமிருந்துதான் போனது என்பார் ஒரு பெரியவர். எல்லாம் சமஸ்கிருதம் என்பார் இன்னொருவர். ஊகிக்கவே வேண்டாம். கைப்பேசி இருந்தால் காசில்லாமல் பார்த்துவிடலாம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் தொடங்குங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் அங்கே இருக்கிறது. சாவி என்று தேடினால் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் வரும். ஒன்று பூட்டுச் சாவி. இன்னொன்று மணி பிடிக்காமல் பதராய்ப் போன பயிர். எழுத்து ஒன்றானாலும் சொல் வேறு, அதனால்தான் தனித்தனிப் பதிவு. சாவிப் பயிரின் வேரைக் கொண்டுபோய்ப் பூட்டுச் சாவிக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஆர்வமுள்ளவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பொருளைப் படித்ததோடு நிறுத்தாதீர்கள். இடப்புறம் கூர்முனை நீட்டிய சிறு குறி, சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். ‘ஒப்பிடுக’ என்பதற்கான ‘cf.’ என்ற சுருக்கம் இருந்தால் அது ஒப்பீடு மட்டுமே, பிறப்பிடம் அல்ல. தெலுங்கு, கன்னடம், மலையாள வடிவங்கள் தந்திருந்தால் அவை உறவுச் சொற்கள். பூட்டுச் சாவிக்கு அங்கே போர்ச்சுகீசிய மூலம் காட்டியிருக்கும். அதே தளத்தில் சம்சத் வங்காள அகராதியும் உண்டு. அதில் சாபியைத் தேடுங்கள். அங்கும் போர்ச்சுகீசுதான்.

வரலாறும் இதற்கு ஒத்து வருகிறது. நாகப்பட்டினத்திலும் ஹூக்ளியிலும் போர்ச்சுகீசியர் குடியேறி வணிகம் செய்தார்கள். தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. வங்காள–போர்ச்சுகீசியச் சொற்பட்டியல் 1743இல் லிஸ்பனில். ஆக, இரு கரைகளும் ஒரே கப்பல்காரர்களிடம் வாங்கிய சொற்கள் இவை.

நம் சொல் வெளியே போன எதிர்த்திசைக்கு எடுத்துக்காட்டு மீன். பரோ–எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் (இரண்டாம் பதிப்பு, 1984) தேடினால் அதன் இனச்சொற்கள் வரிசையாகக் கிடைக்கும். வடமொழி ‘மீன’ திராவிடத்திலிருந்து போனது என்பது அறிஞர் பலரின் முடிவு. ராசி பார்க்கும் வங்காளி வாயிலும் அந்த மீன்தான். அவர் தட்டில் இருக்கும் ‘மாச்’ வேறு சொல். அது ‘மத்ஸ்ய’ வழி வந்தது.

ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன்–ஜாப்சனில் (1886) ஆண்டு வாரியான மேற்கோள்கள் பொன்னானவை, ஊகங்களை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1974இல் பாவாணர் இயக்குநராக இருந்து தொடங்கிய சொற்பிறப்பியல் பேரகரமுதலி, தமிழ் வேர் காண்பதில் முனைப்பானது. பரோ–எமனோவோடு சேர்த்தே படியுங்கள். விக்சனரியில் சான்று காட்டாத வேரை ஏற்க வேண்டாம்.

இரண்டு அகராதிகளிலாவது பார்க்காமல் எந்த வேர்க்கதையையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் அதை உண்மையென்று நம்பிவிடுவார்கள்.